ஞாயிற்றுக்கிழமை ஹார்லி

அத்தியாயம் 6

"இது ஹார்லியா பாஸ், இல்ல ஹார்லி போட்ட குட்டியா?"

டுவேன் பிக்கெட் அந்த மோட்டார் சைக்கிள் புகைப்படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். காருக்கு வெளியே, அறுவடைக்குக் காத்திருந்த அயோவா சோளம் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஹார்லிதான். நூத்தி இருபத்தஞ்சு சிசி. ஐம்பதாம் வருஷத்து எஞ்சின். அதுக்கே ஐம்பத்தஞ்சு வயசு," என்றாள் தோரா பியெல்லண்ட், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க மாமா ஒரு ஹார்லி வச்சிருந்தார். அதை ஸ்டார்ட் பண்ணினா பக்கத்துப் பண்ணையில மாடு கறவையை நிறுத்திடும். இதை ஸ்டார்ட் பண்ணினா ஒரு கொசுவாவது பறக்குமா?"

"பறக்காது. ஒரு அம்மா ஜன்னலுக்கு வருவாங்க. அவங்க புருஷனுக்கு அது போதும்."

டுவேன் கேலியை விட்டு, புகைப்படத்தைப் பத்திரமாக மடியில் வைத்தான். அது அபூர்வமாகத்தான் நடக்கும்.

தோரா, மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, மேப்பிள் ஃபோர்க் ஊரில் மாட்டுத்தீவனக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அறுபதைத் தாண்டியவள். டுவேன் அவளுடைய ஒரே உதவியாளன். முன்பு பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் ஆலங்கட்டிச் சேதத்தை மதிப்பிடும் வேலையில் இருந்தான். எந்த விவசாயி அழுதாலும் கூடவே அழுது அள்ளி எழுதிக் கொடுத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

அவர்களுடைய கட்சிக்காரர் எமெட் டோலஃப்சன் திங்கட்கிழமை வந்திருந்தார். அவர் படியேறி வரும்போதே இரும்புச் சத்தம் கேட்டது. எழுபத்திரண்டு வயது. ஏழு வயதில் போலியோ வந்து, இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் பூட்டைக் கையால் விடுவித்து, காலை மடக்கி வைத்துக்கொண்டு பேசினார்.

"என் வண்டியைக் காணோம். கொட்டகையில பதினோரு வண்டி வச்சிருக்கேன். எல்லாம் சின்ன வண்டி. இந்த நாட்டுல எல்லாரும் பெரிசு பெரிசா சேர்ப்பாங்க. என் வண்டிங்களைப் பார்த்துட்டு, இதெல்லாம் எப்ப வளரும்னு கேட்பாங்க. அதுல ஒண்ணு மட்டும் போயிடுச்சு."

"விலை ஒசந்ததா?" என்றாள் தோரா.

"இருக்கறதுலயே விலை போகாதது அதுதான். ஃபிரேம் ஒரு ஊர், டேங்க் ஒரு ஊர், ஃபோர்க் ஒரு ஊர்னு பொறுக்கிச் சேர்த்தது. எஞ்சின் மட்டும்தான் அசல்." கொஞ்சம் நிறுத்தினார். "என் மனைவி ஆர்டிஸ் முதியோர் இல்லத்துல இருக்கா. ஞாபகம் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வண்டியை டிரக்குல ஏத்திட்டுப் போய், அவ ஜன்னலுக்குக் கீழே இறக்கி ஸ்டார்ட் பண்ணுவேன். பெட்ரோல்ல எண்ணெய் கலந்து ஓடற வண்டி இல்லையா, அந்தச் சத்தமும் நீலப் புகை வாசனையும் போனா எழுந்து வருவா. கண்ணாடியில கையை வைப்பா. மத்த நாளெல்லாம் நான் யாருன்னே தெரியாது. அந்த அஞ்சு நிமிஷம் தெரியும்."

"அந்த வண்டிதான்னு எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வண்டியிலதான் அவளைப் பார்க்கப் போறது. அவங்க அப்பா வீட்டு கேட்டு முன்னால எஞ்சினை அணைச்சிட்டு, சீட்டுல உட்கார்ந்தபடியே மறுபடி ஒரு உதை. அதுதான் சைகை. ஓடி வருவா." எமெட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "இந்தக் கோடையில வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு. மூணு தடவை மக்கர் பண்ணுச்சு. ஒவ்வொரு தடவையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டேன். இப்ப வண்டியே இல்ல. மூணு வாரமா அவ ஜன்னலுக்கு வரலை. இப்ப நாற்காலியை விட்டே எழுந்திருக்கறதில்ல. டாக்டர் தலையை ஆட்டறார். சீக்கிரம் கண்டுபிடிச்சுக் குடுங்க தோரா."

அன்றே இருவரும் கொட்டகையைப் பார்த்தார்கள். கதவுக்கு ஒருநாளும் பூட்டு போட்டதில்லை. கதவோரம் முஸ்டாங் கம்பெனியின் குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. சேகரிப்பவர்கள் கனவில் பார்க்கிற வண்டி, தள்ளிக்கொண்டு போக நாலு அடி தூரம். திருடன் அதைத் தொடவில்லை. நடுவரிசையிலிருந்து குட்டி ஹார்லியை எடுக்க இரண்டு வண்டிகளை நகர்த்தி, மறுபடி அவற்றை வரிசையாக நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஹார்லியின் மேல் போட்டிருந்த பழைய மெத்தைப் போர்வையும் காணவில்லை.

"திருடனுக்குக் குளிர் போல," என்றான் டுவேன்.

"வண்டிக்குக் குளிரும்னு எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றாள் தோரா.

பிறகு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபோது எமெட்டின் மகள் மார்லா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அகன்ற தோள், களைத்த கண். கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்த பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்தாள். அப்பாவின் மாத்திரைகளைப் பார்த்தாள். தோராவிடம் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான்கு நாள் தொலைபேசியில் சேகரிப்பாளர்களையெல்லாம் துருவியதில் கிடைத்த துப்பு ஒன்றே ஒன்று. டாவன்போர்ட் பழைய வண்டிச் சந்தையில், ஆர்வின் கிளாப் என்பவரின் கடையில் ஒரு சிவப்புக் குட்டி ஹார்லி நிற்கிறது. அதைத் தேடித்தான் இந்தச் சனிக்கிழமைக் காலைப் பயணம்.

சந்தை மைதானம் துருவும் குரோமியமுமாகப் பரந்து கிடந்தது. பெரிய ஹார்லிகளைச் சுற்றி பெரிய தாடிகள். சின்ன வண்டிகளுக்கு ஓரத்தில், கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள்.

"சின்னதுக்கு மரியாதை இவ்வளவுதான் பாஸ்," என்றான் டுவேன். அவன் கையில் ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பன்றிக்கறி சாண்ட்விச் இருந்தது. "நான் உயரம் கம்மி. எனக்குத் தெரியும்."

ஆர்வின் கிளாப் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. சைக்கிள் மாதிரி ஒடிசல். வேர்க்கடலை மாதிரி டேங்க். தோரா குனிந்து ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். எமெட்டின் வண்டியில் அந்த இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கும். இதில் வழுவழுவென்றிருந்தது.

"இது இல்ல," என்றாள்.

"எது இல்ல?" என்றார் ஆர்வின்.

தோரா விஷயத்தைச் சொன்னாள். ஆர்வினின் கை நின்றது. "எமெட் வண்டியா? அடப்பாவமே. அதை எடுக்க எவனுக்கு மனசு வந்துச்சு?"

இதற்குள் டுவேன் சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா பெரியவரே?"

"பண்ணு."

டுவேன் வலது காலைத் தூக்கி ஓங்கி உதைத்தான். கால் காற்றில் இறங்கித் தரையில் மோதியது. சாண்ட்விச் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"மாமா வண்டியில உதைச்ச பழக்கமா?" என்றார் ஆர்வின். "பெரிசுக்குத்தான் வலது பக்கம். இதுக்கு எல்லாம் இடது பக்கம். உதைக்கறதும் அங்கதான், கியர் போடறதும் அங்கதான்."

"இடது காலா? எனக்கு அது அலங்காரத்துக்குத்தான் இருக்கு." டுவேன் நாலு தடவை உதைத்தான். ஐந்தாவதில் வண்டி பொரி வெடிப்பது மாதிரி படபடத்து உயிர் பெற்றது. நீலப் புகை கிளம்பியது. "பாஸ், ஓடுது!"

தோரா சிரிக்கவில்லை. இடப்பக்க உதைகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்வின், இடது கால்ல தொடை வரைக்கும் இரும்புப் பட்டை போட்டவர் இந்த வண்டியில உட்கார்ந்தபடியே உதைக்க முடியுமா?"

"எப்படி முடியும்? முழங்கால் மடங்கி நிமிரணுமே. இறங்கி வண்டிக்குப் பக்கத்துல நின்னு வலது காலால உதைக்கலாம். எமெட் அப்படித்தான் உதைப்பார். ஆனா கியர்? அந்தக் காலை வச்சுக்கிட்டுக் கியர் போடவே முடியாது. அவர் எந்த வண்டியையும் ஓட்டி நாங்க யாரும் பார்த்ததில்ல."

டுவேன் எஞ்சினை அணைத்தான். "சீட்டுல உட்கார்ந்தபடியே ஒரு உதைன்னாரே?"

"ஆமா," என்றாள் தோரா. "ஏழு வயசுல வந்த போலியோ. காதலிக்கிற வயசுல மட்டும் எங்க போச்சு?"

ஆர்வின் கார்புரேட்டரைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்றேன். முப்பது வருஷமா எமெட் எங்ககிட்ட வாங்கறார். எந்தச் சின்ன ஹார்லி வந்தாலும் முதல்ல மண்டி போடுவார். அந்தக் காலோட மண்டி போடறது சாதாரணமில்ல. எஞ்சின்ல அடிச்ச நம்பரைத் துடைச்சுப் படிப்பார். முகம் தொங்கிப் போகும். எழுந்து, பாவம் இதுவும் நனையுதேன்னு அதையும் வாங்கிட்டுப் போவார். மத்த கம்பெனி வண்டிங்க சேர்ந்ததும் அப்படித்தான். ஏதோ ஒரே ஒரு வண்டியைத் தேடிட்டிருந்தார். ஒரு நாள் கோழிக் கொட்டகையில கிடந்த எஞ்சின் ஒண்ணு கிடைச்சுது. அன்னிக்கு நம்பரைப் படிச்சுட்டு எழுந்திருக்கவே இல்ல. அப்படியே புல்லுல உட்கார்ந்துட்டார். அப்புறம் எங்ககிட்ட நம்பர் தேடறதை விட்டுட்டார்."

"அது யாரோட வண்டின்னு சொன்னாரா?"

"நான் கேட்கலை. முகத்தைப் பார்த்தா கேட்கத் தோணலை."

தோரா கிளம்பத் திரும்பினாள். ஆர்வின் தாடையைச் சொறிந்தார். "இன்னொண்ணு. சம்பந்தம் இருக்கான்னு தெரியாது. கோடை ஆரம்பத்துல ஒரு பொம்பளை வந்தா. வண்டிக்கு ஒரு கெடுதலும் ஆகாம, ஆனா ஸ்டார்ட் மட்டும் ஆகாம இருக்க எதைக் கழட்டணும்னு கேட்டா. எல்லாரும் ஓட வைக்கத்தான் கேட்பாங்க. இவ தலைகீழா கேட்டா. பையன் ஊர் சுத்தறான்னு நினைச்சு, எஞ்சின்ல பொறி வராம போகட்டும்னு கண்டென்சர் வயரைக் காட்டினேன். கீறல் விழாம கழட்டறது எப்படின்னு ரெண்டு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா."

"ஆள் எப்படி?"

"தோள் அகலமா இருந்தா. தலையில தொப்பி. மேப்பிள் ஃபோர்க் பள்ளிப் பேருந்துன்னு எழுதியிருந்துச்சு."

டுவேன் தரையில் கிடந்த சாண்ட்விச்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். "திருடப் போறவங்க விலாசத்தைத் தலையில எழுதி வச்சுக்கிட்டுப் போனது இதுதான் முதல் தடவை பாஸ்."

திரும்பும் வழியில் டுவேன் புகைப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"உங்களுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்துச்சு இல்லையா?" என்றான் டுவேன்.

"திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தா. காபி வேணுமான்னு கேட்டா. வண்டி கிடைக்குமான்னு மட்டும் கேட்கலை." தோரா சிக்னல் விளக்கைப் போட்டு இடப்பக்கம் திரும்பினாள். "ஆனா ஏன்னு புரியலை. அப்பா சந்தோஷப்படற அஞ்சு நிமிஷத்தை எந்த மகள் எடுப்பா?"

மார்லா தன் பண்ணை முற்றத்தில் ரப்பர் குழாயால் பேருந்தின் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்கள் காரை விட்டு இறங்கியதைப் பார்த்தாள். தண்ணீரை நிறுத்தவில்லை.

"ஆர்வின் கிளாப் உங்களை விசாரிச்சார்," என்றாள் தோரா.

மார்லா குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் அவள் பூட்ஸைச் சுற்றி ஓடியது. "நான் அதை உடைக்கலை. ஒரு கீறல் கிடையாது. வாங்க."

காலியான தானியக் கிடங்கின் உள்ளே, மரப்பலகை மேல், மெத்தைப் போர்வை போர்த்தி நின்றது குட்டி ஹார்லி. டயர்களுக்குக் கீழே ஈரம் ஏறாமல் அட்டை போட்டிருந்தாள். டுவேன் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டான்.

"மூணு தடவை மக்கர் பண்ண வச்சது நீங்கதானா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் ராவெல்லாம் முழிச்சு சரி பண்ணிட்டார். எழுபத்திரண்டு வயசு. அந்தக் காலோட தரையில படுத்துக்கிட்டு. வேற வழி தெரியலை. தூக்கிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு மார்லா?"

மார்லா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "நீங்க ஒரு ஞாயித்துக்கிழமையாவது அங்க போய்ப் பார்த்தீங்களா? எல்லாரும் கீழே தோட்டத்துல நின்னு கை தட்டுவாங்க. ஆகா, என்ன காதல்னு நர்ஸுங்க கண்ணைத் துடைப்பாங்க. ஜன்னல் விரல் அளவுதான் திறந்திருக்கும், எஞ்சின் சத்தத்துல அம்மா பேசறது கீழே கேட்காது. நான் ஒரு நாள் மேலே, அம்மா பக்கத்துல நின்னேன். கண்ணாடியில கையை வச்சுக்கிட்டு அம்மா கூப்பிட்ட பேரு எமெட் இல்ல."

"யாரு?"

"வெண்டல். எங்க பெரியப்பா. அப்பாவோட அண்ணன். கொரியா சண்டைக்குப் போய்த் திரும்பி வரலை. அவர் படம் பியானோ மேல இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அவருக்கும்..." அவள் கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். "ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்ல. அன்னிக்கு ஜன்னலை முழுசாத் திறந்து விட்டேன். அம்மா கத்தினா. 'வெண்டல், வந்துட்டியா!' கீழேருந்து எங்க அப்பா தொப்பியைத் தூக்கி, 'வந்துட்டேன் ஆர்டிஸ்'னு சொன்னார். அண்ணன் பேருக்கு என் அப்பா பதில் சொல்றார். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன். அம்மாவை ஊட்டிக் குளிப்பாட்டிப் பார்த்துக்கிட்டவர். அந்தப் பேருக்குத் தலையாட்டிட்டு நிக்கறார். என்னால பார்க்க முடியலை. வண்டி இல்லைன்னா அந்த அவமானமாவது இருக்காதுன்னு நினைச்சேன்."

டுவேன் போர்வையின் மடிப்பை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"என் வேலை வண்டியைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் தோரா. "எங்க இருந்துச்சுன்னு அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். வண்டியை டிரக்குல ஏத்தலாம், வாங்க."

எமெட் கொட்டகை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளின் டிரக்கையும், அதன் பின்னால் நிமிர்ந்து நின்ற சிவப்பு வண்டியையும் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"நீயாம்மா?"

"நான்தான் அப்பா." மார்லா அவர் முன்னால் வந்து நின்றாள். "அம்மா உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியும்."

எமெட்டின் கண்கள் தோராவைத் தேடின. "நீங்களும் கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"உதைகோல் இடது பக்கம் இருக்கு எமெட்."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். லேசாகச் சிரித்தார். "இத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஒருத்தருக்கும் தோணலை." பெஞ்சில் நகர்ந்து மகளுக்கு இடம் கொடுத்தார். "உட்காரு. அது அவன் வண்டிதான். அவங்க ரெண்டு பேருக்கும் நிச்சயம் ஆகியிருந்துச்சு. அவன் சண்டைக்குப் போனான். செத்துட்டான்னு தந்தி வந்தது. எங்க அப்பா மறுவாரமே வண்டியை யாருக்கோ தள்ளி விட்டுட்டார். பார்க்க முடியலை அவரால. மூணு வருஷம் கழிச்சு ஆர்டிஸ் என்னைக் கட்டிக்கிட்டா. எல்லாம் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டா, எல்லாம் தெரிஞ்சுதான் நானும் கேட்டேன். அதுக்கப்புறம் அவன் பேரை நாங்க வீட்டுல சொன்னதில்ல. சொன்னா ரெண்டு பேருக்கும் அழுகை வரும்."

"அப்புறம் ஏன் அந்த வண்டியைத் தேடினீங்க? அம்மாவுக்காகவா?"

"இல்ல. எனக்காக." எமெட் டிரக்கின் மேல் நின்ற வண்டியைப் பார்த்தார். "நான் நடக்க முடியாத பையன் மார்லா. ஊர்ப் பசங்க குட்டைக்கு மீன் பிடிக்கப் போவாங்க, நான் வேலியில நின்னு பார்ப்பேன். அவன் அந்த வண்டியை வாங்கின அன்னிக்கு, முதல்ல ஏத்திட்டுப் போனது அவளை இல்ல, என்னை. டேங்க் மேல உட்கார வச்சு, இந்தக் காலை ஒரு பெல்ட்டால ஃபோர்க்கோட கட்டி, ஆத்தங்கரை வரைக்கும் கொண்டுபோனான். ரெண்டு பேரும் கத்திக்கிட்டே போனோம். என் வாழ்க்கையில நான் வேகமாப் போனது அந்த வண்டியிலதான்."

மார்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல அவ உதடு வெண்டல்னு அசைஞ்சதைப் பார்த்தப்ப எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. டிரக்குல உட்கார்ந்து அழுதேன். அப்புறம் யோசிச்சேன். அந்தப் பேரைச் சத்தமாச் சொல்ல இந்த உலகத்துல இனி அவ ஒருத்திதான் இருக்கா. அவ சொல்ற அஞ்சு நிமிஷம் அவன் உயிரோட இருக்கான். அவ மறுபடி சின்னப் பொண்ணா இருக்கா. நான் ஜன்னலுக்குக் கீழே நிக்கறேன். மூணு பேரும் இருக்கோம். அதுல என்னம்மா அவமானம்?"

மார்லா அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, டிரக்கிலிருந்து பலகையைச் சாய்த்து வண்டியை இறக்கத் தொடங்கினான்.

"இறக்காதே தம்பி," என்றார் எமெட். "அப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

மறுநாள் மதியம் முதியோர் இல்லத் தோட்டத்தில் காற்று இல்லை. மேப்பிள் மரங்களின் நுனி மட்டும் சிவந்திருந்தது. மார்லா மேலே போய், அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஜன்னலருகே கொண்டுவந்து, ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தாள். ஆர்டிஸ் மடியில் ஒரு கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

கீழே எமெட் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வலது காலால் உதைத்தார். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. படபடவென்ற அந்தச் சத்தம் சுவரில் மோதி மேலே ஏறியது. நீலப் புகை கொடிபோல் எழுந்து ஜன்னலுக்குள் போனது. எமெட் ஏறி உட்கார்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஆர்டிஸ் கைக்குட்டையை மடித்தாள்.

அவர் ஆக்சிலேட்டரைத் திருகினார். சத்தம் உயர்ந்தது. பக்கத்து அறை ஜன்னலில் வேறு ஒரு கிழவி தோன்றி, மகிழ்ச்சியாகக் கையை ஆட்டினாள்.

"அம்மா, அங்க பாருங்க. கீழே பாருங்க அம்மா!" மார்லா அவள் தோளைத் தொட்டாள். "வெண்டல் வந்திருக்கார் அம்மா. வெண்டல்!"

அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னபோது மார்லா அழுதுகொண்டிருந்தாள். ஆர்டிஸ் மகளின் முகத்தை அக்கறையோடு பார்த்து, கைக்குட்டையை அவளிடம் நீட்டினாள்.

எமெட் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். எஞ்சின் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு கொஞ்சம் ஓடியது, இருமியது, நின்றது. தோட்டம் அமைதியானது. டுவேன் தோராவைப் பார்த்தான்.

எமெட் இரும்புக் காலைத் தூக்கி வைத்துப் படியேறி மேலே போனார். வாசலில் மார்லா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் அப்பா. அந்த மூணு வாரம்... நான் எடுக்காம இருந்திருந்தா..."

"இந்த நாள் எப்படியும் வந்திருக்கும்," என்றார் எமெட். அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போனார். இத்தனை ஞாயிறுகளாக இந்த நேரத்தில் அவர் கீழேதான் நின்றிருக்கிறார். இப்போது ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். முழங்கால் பூட்டை விடுவித்தார்.

திறந்திருந்த ஜன்னல் வழியே அவர்கள் பேசியது தோட்டத்தில் நின்ற தோராவுக்குக் கேட்டது.

"கால் வலிக்குதா?" என்றாள் ஆர்டிஸ்.

"இல்ல. பழகிடுச்சு."

"நீங்க யாரு?"

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

"எமெட்."

"எமெட்." அவள் அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரா இருக்கே. யார் வச்சது?"

"எங்க அண்ணன். அப்ப அவனுக்கு மூணு வயசு. அவன் வச்ச பேருதான் வேணும்னு அடம் பிடிச்சானாம்."

"உங்க மேல பிரியமா அவருக்கு?"

"ரொம்ப."

"அப்ப அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்," என்றாள் ஆர்டிஸ்.

"சரி," என்றார் எமெட்.